ஏற்காட்டு மேசையில் கடல் வரைபடம்: கேள்வி பதில்

கடற்படையில் இருந்து ஓய்வு பெற்று இப்போது மிளகுக்கொடி பார்த்துக்கொண்டிருக்கிறேன். இலங்கை, மாலத்தீவு பற்றி வந்த கேள்விகளில் சில.

அம்மாப்பேட்டையில் துண்டு ஏற்றுமதி செய்பவர்: இலங்கை எந்தப் பக்கம் சாய்ந்தால் சேலத்துக்காரனுக்கு என்ன சார்?

உங்கள் கன்டெய்னர் தூத்துக்குடியில் சின்னக் கப்பல் ஏறி, பல சமயம் கொழும்பில்தான் பெரிய கப்பலுக்கு மாறுகிறது. கொழும்பில் அப்படி மாறும் சரக்கில் பெரும்பகுதி நம்முடையது. அங்கே வேலை நின்றால் உங்கள் எல்.சி. (வங்கி தரும் பண உறுதிக் கடிதம்) தேதி தள்ளும். வேறென்ன வேண்டும்?

அஸ்தம்பட்டி கல்லூரி மாணவி: இலங்கையின் தென்கரைத் துறைமுகமான ஹம்பாந்தோட்டையைக் கடனுக்கு ஈடாகச் சீனா எடுத்துக்கொண்டதுதானே ஐயா?

எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் அம்மா. ஆனால் அது அடகில் மூழ்கிய நகை இல்லை. குத்தகைக்கு விட்ட கடை. 2017-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு சீன நிறுவனம் கொடுத்தது 112 கோடி டாலர். அது துறைமுகக் கடனில் கழியவில்லை. டாலர் கையிருப்புக்குப் போனது. சீன வங்கியின் கடன் அப்படியே நின்றது. இலங்கையின் கழுத்தை இறுக்கியதில் மேற்கத்திய முதலீட்டாளர்கள் வாங்கிய கடன்பத்திரங்களுக்கும் பெரிய பங்கு உண்டு.

அதற்காக நாம் நிம்மதியாகத் தூங்கலாம் என்று சொல்லவில்லை. இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனைக்குத் தெற்கே இரவு வாட்ச் நின்றிருக்கிறேன். கப்பல் விளக்குகள் சேலம் பைபாஸ் லாரி மாதிரி வரிசை கட்டிப் போகும். அந்தச் சாலையோரத்தில் இருக்கிறது ஹம்பாந்தோட்டை.

ஆத்தூர் ஆசிரியர்: சீனக் கப்பலை இலங்கை உள்ளே விட்டது துரோகம் இல்லையா?

2022 ஏப்ரலில் இலங்கை திவாலானது. அந்த ஆண்டு நாம் கொடுத்த உதவி சுமார் 400 கோடி டாலர். ஆகஸ்டில் யுவான் வாங் 5, ஆய்வுக் கப்பல் என்று சொல்லப்பட்ட சீனாவின் கண்காணிப்புக் கப்பல், ஹம்பாந்தோட்டையில் வந்து நின்றது. எனக்கும் எரிச்சல்தான். ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள் டீச்சர்: 2024 ஜனவரியில் இருந்து ஓராண்டுக்கு எந்த நாட்டு ஆய்வுக் கப்பலுக்கும் அனுமதி இல்லை என்றார்கள். சீனா என்ற பெயரே இல்லை. நமக்கும் ஆறுதல், சீனாவுக்கும் அவமானம் இல்லை. இரண்டு யானைக்கு நடுவில் வீடு கட்டியவனுக்கு இந்த சாமர்த்தியம் வேண்டும்.

ஓமலூர் வாசகர்: மாலத்தீவு நம் வீரர்களை 'வெளியே போ' என்றதே, பதிலடி கொடுத்திருக்க வேண்டாமா?

கொடுக்காததுதான் சரி. 2024 மே மாதம் நம் வீரர்கள் திரும்பினார்கள்; நாம் அங்கே கொடுத்திருந்த ஹெலிகாப்டர்களைப் பார்க்க ராணுவம் சாராத ஆட்கள் போனார்கள். அக்டோபரில், அப்படிச் சொன்ன அதே மாலத்தீவு அதிபர் முய்சு டெல்லி வந்து 40 கோடி டாலர் நாணய மாற்று வசதி பெற்றுப் போனார். கோபத்தில் கதவைச் சாத்தியிருந்தால் எங்கே போயிருப்பார் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.

மேட்டூர் மீனவர் ஒருவர்: கச்சத்தீவைத் திரும்ப வாங்கினால் ராமேஸ்வரத்தாருக்கு விடிவு வருமா அண்ணே?

1974 ஒப்பந்தம் சரியா என்று சண்டை போடலாம் தம்பி. ஆனால் படகுகள் பிடிபடுவது பல நேரம் தீவைத் தாண்டி அந்தக் கரைக்குப் பக்கத்தில். அங்கே வலை விரிப்பவனும் தமிழன்தான். நம் இழுவைமடி (கடலடியை வாரி இழுக்கும் வலை) அவன் வலையை அறுத்துக்கொண்டு போகிறது. அணையில் உங்கள் வலையை ஒருத்தன் அப்படி அறுத்தால் என்ன செய்வீர்கள்?