இரண்டாவது கவளம் (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் கோவையில் கடுங்காரம் விரும்பும் 12 நண்பர்கள். மாதம் ஒருமுறை ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்து எடுத்துக்கொண்டு ஒருவர் வீட்டில் கூடுகிறோம். சென்ற முறை ஒரு நண்பர் புட் ஜொலோக்கியா என்ற கடுங்கார மிளகாயின் பொடியை அள்ளிப் போட்டுக் கறி வறுத்து வந்தார். ஒரு துண்டுக்கு மேல் யாராலும் முடியவில்லை. "காரப் பிரியர்கள் இப்படிப் பின்வாங்கலாமா" என்று அவருக்கு வருத்தம். அடுத்த கூடல் எங்கள் வீட்டில். நான் என்ன சமைக்கட்டும்?

கே., கோவை

அன்புள்ள கே.,

பின்வாங்கியதில் தப்பே இல்லை. ஒரு வாய் தின்றதும் மறுவாய்க்குக் கை தானாகப் போக வேண்டும். கண்ணில் நீர் வழியலாம், மூக்கு ஒழுகலாம், ஆனால் கை போக வேண்டும். நான் காரத்தை அளப்பது அப்படித்தான்.

அந்த மிளகாயையும் குறை சொல்லாதீர்கள். குண்டூர் சன்னம் மிளகாய், காரத்தை அளக்கும் ஸ்கோவில் அளவில் 40,000-ஐ ஒட்டி நிற்கும். புட் ஜொலோக்கியா பத்து லட்சத்தைத் தாண்டியது என்று 2007-இல் கின்னஸில் ஏறியது. அதை விளைவிக்கும் நாகாலாந்தில் யாரும் அள்ளிப் போடுவதில்லை. புகையில் வாட்டிய பன்றிக்கறியோடு அக்குனி என்கிற புளித்த சோயாவும் சேர்ந்து கொதிக்கும் பானையில் ஒன்றிரண்டு காய் விழும், அவ்வளவுதான். காயில் பழம் போல ஒரு மணம் உண்டு. நான் வாங்கிய பொடிகளில் அந்த மணம் போய் எரிச்சல் மட்டும் மிஞ்சியிருந்தது.

சரி, நீங்கள் பள்ளிபாளையம் சிக்கன் செய்யுங்கள். ஈரோட்டுக்குப் பக்கத்து ஊர், உங்கள் கூட்டத்துக்கும் பொருத்தம். எங்கள் வீட்டில் ஒரு கிலோ நாட்டுக்கோழிக்கு 25 வரமிளகாய் கிள்ளிப்போட்டு, விதையை உதறிவிடுவோம். விதையை ஏன் உதற வேண்டும்? மிளகாயின் காரம் உள்ளே விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில் இருக்கிறது. விதையை உதறும்போது அதிலும் கொஞ்சம் போய்விடும். அதனால்தான் 25 காய் போட முடிகிறது, தோலின் மணம் முழுசாகக் கறியில் இறங்குகிறது. உங்கள் ஆட்களுக்கு அது போதாது என்றால் 5 காயை விதையோடு விடுங்கள். சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு, கடைசியில் தேங்காய்ச் சில்லு. மசாலாப் பொடி எதுவும் வேண்டாம். தண்ணீரைத் தெளித்துத் தெளித்து வேகவிடுங்கள்.

அப்புறம், 12 பேரும் மிளகாயையே கொண்டுவந்தால் நான்காவது பதார்த்தத்தில் நாக்கு மரத்துவிடும். முன்கூட்டியே பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் மிளகுக்கறி கொண்டுவரட்டும். போர்ச்சுக்கீசியர் மிளகாயைக் கொண்டுவரும்வரை இங்கே காரம் என்றால் பெரும்பாலும் மிளகுதான், அது தொண்டையில் பிடிக்கும். இன்னொருவர் கடுகு அரைத்த மாங்காய் ஊறுகாய், அது மூக்கில் ஏறும். ஈழத்து நண்பர் யாராவது இருந்தால் மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டாச் சம்பல் கேளுங்கள். காரத்தை அவர்கள் உறைப்பு என்பார்கள், எனக்கு மிகப் பிடித்த சொல்.

கொதிக்கக் கொதிக்கப் பரிமாற வேண்டாம். சூட்டை உணரும் அதே நரம்பு உணர்வியைத்தான் மிளகாயும் தூண்டுகிறது. அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ் 1997-இல் இதைக் கண்டறிந்தார், 2021-இல் நோபல் பரிசும் பெற்றார். சூடும் காரமும் சேர்ந்தால் எரிச்சல்தான் தெரியும், ருசி தெரியாது. வெதுவெதுப்பாகப் போடுங்கள்.

மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது. பாலிலும் தயிரிலும் அடங்கும். ஆகவே தயிர்சோறு யார் பொறுப்பு என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள், 12 பேருக்கும் போதுமான அளவு. சென்ற முறை கறி வறுத்த நண்பரிடமே கேட்டுப் பாருங்களேன். அதோடு அவர் புட் ஜொலோக்கியா காய் ஒன்றே ஒன்றை நல்லெண்ணெயில் வாட்டி, ஒரு சட்டித் துவையலில் அரைத்துக் கொண்டுவரட்டும்.