பிஎஸ்ஏ கூடியிருக்கிறது: பயாப்சிக்கு முன்னால் எந்த ஸ்கேன் எடுப்பது?

அப்பாவுக்கு ரத்தத்தில் பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரப்பியில் உண்டாகும் ஒரு புரதம், கூடினால் அங்கே புற்று இருக்குமோ என்று பார்ப்பார்கள்) கூடியிருக்கிறது, ஒரு டாக்டர் நேராக பயாப்சி என்கிறார், இன்னொருவர் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறார், உறவினர் ஒருவரோ பெட் ஸ்கேன்தான் புதுசு என்கிறார், எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் எம்ஆர்ஐ. நான் எம்ஆர்ஐ அறையில் வேலை பார்ப்பவன், ஒருதலையாகச் சொல்கிறேன் என்று தோன்றலாம். அதனால் ஆய்வுகளையே சொல்கிறேன்.

ஆசனவாய் வழியாக அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து, புராஸ்டேட் சுரப்பியில் பத்துப் பன்னிரண்டு இடங்களில் ஊசி போட்டுச் சதைத் துணுக்கு எடுப்பதுதான் பழைய பயாப்சி முறை. அந்த அல்ட்ராசவுண்டில் சுரப்பி எங்கே இருக்கிறது என்று தெரியும். கட்டி பல நேரம் தெரியாது. ஊசி படாத இடத்தில் கட்டி இருந்தால் தப்பிவிடும். 2017-இல் பிரிட்டனில் இருந்து வந்த ப்ராமிஸ் ஆய்வில் 576 பேருக்கு எம்ஆர்ஐ, பழைய பயாப்சி இரண்டையும் செய்து, கூடவே சுரப்பி முழுவதும் 5 மி.மீ. இடைவெளியில் ஊசி போட்டுச் சரிபார்த்தார்கள். சிகிச்சை தேவைப்படும் வகைப் புற்றில் எம்ஆர்ஐ காட்டியது 93 சதவீதம், பழைய பயாப்சி கண்டுபிடித்தது 48 சதவீதம். ஆனால் அந்த வகைப் புற்று இல்லாதவர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு எம்ஆர்ஐ சந்தேகம் என்றே சொன்னது. அழற்சியும் சில சமயம் புற்று மாதிரியே தெரியும். ஆகவே எம்ஆர்ஐயை மட்டும் வைத்துப் புற்று என்று முடிவு கட்ட முடியாது. ஊசி தேவையா, தேவை என்றால் எங்கே, இந்த இரண்டுக்கும்தான் அது.

மறுவருடம் வந்த ப்ரிசிஷன் ஆய்வில் எம்ஆர்ஐ எடுத்தவர்களில் 28 சதவீதம் பேருக்கு பயாப்சியே தேவைப்படவில்லை. அப்படியும் அந்தக் குழுவில் 38 சதவீதம் பேரிடம் கவனிக்க வேண்டிய புற்று கிடைத்தது. பழைய முறையில் 26. சும்மா விட்டுவைக்கலாம் என்கிற சில்லறைப் புற்றுகள் அகப்பட்டதும் குறைவு. எனக்கு இதுதான் பெரிய லாபமாகப் படுகிறது. அதைத் தெரிந்துகொண்டு பயந்தே வாழ்கிறவர்கள் நிறைய.

வரிசை முக்கியம். பயாப்சி செய்த பிறகு எம்ஆர்ஐக்கு வந்தால் உள்ளே கசிந்த ரத்தம் படத்தைக் குழப்பும், சில வாரம் காத்திருக்கச் சொல்வார்கள். மலக்குடலில் வாயு இருந்தாலும் படம் நெளியும், நாங்கள் தினமும் மல்லுக்கட்டுவது அதோடுதான். இடுப்பில் உலோக மூட்டு வைத்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் பைராட்ஸ் என்று 1 முதல் 5 வரை ஓர் எண் இருக்கும், எண் கூடக்கூடப் புற்றுச் சந்தேகமும் கூடும். 4, 5 என்றால் பெரும்பாலும் பயாப்சிதான். 3 என்பது ரெண்டுங்கெட்டான். அப்போதும், 1 அல்லது 2 வந்தாலும்கூட, பிஎஸ்ஏ அளவைச் சுரப்பியின் கன அளவால் வகுத்துப் பார்க்கிறார்களா என்று கேளுங்கள். 0.15-க்கு மேல் போனால் படம் சுத்தமாக இருந்தாலும் சில டாக்டர்கள் பயாப்சி செய்யச் சொல்வார்கள்.

மைக்ரோ அல்ட்ராசவுண்ட் என்று ஒன்று வந்திருக்கிறது, பழைய அல்ட்ராசவுண்டைவிட நுணுக்கமாகக் காட்டும். பார்க்கும்போதே ஊசி போடலாம், எம்ஆர்ஐ அறைக்குள் போக முடியாதவர்களுக்கு உதவும். ஆனால் பழகிய கை வேண்டும்.

உறவினர் சொன்ன பெட் ஸ்கேன், அதாவது புராஸ்டேட் புற்றுக்கான பிஎஸ்எம்ஏ பெட், நல்ல கருவிதான், அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அதன் முக்கிய வேலை, புற்று உறுதியான பிறகு நிணநீர்க் கணுவுக்கோ எலும்புக்கோ பரவியிருக்கிறதா என்று பார்ப்பது. உங்கள் அப்பா இன்னும் அந்தக் கட்டத்துக்கு வரவில்லை.

அப்புறம், பயாப்சி என்று முடிவானால் எம்ஆர்ஐ படத்தை அல்ட்ராசவுண்டோடு பொருத்திக் குறிபார்க்கும் வசதி, அதாவது ஃப்யூஷன், அங்கே இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டாலும், படத்தை மனதில் வைத்தே சரியாகக் குறிபார்க்கும் அனுபவசாலிகள் இருக்கிறார்கள். விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் உள்ள தோல் வழியாகச் செய்தால் கிருமித்தொற்று பயம் குறைவு, அதையும் கேட்டுவிடுங்கள்.