பக்கத்துக் கடைக்காரர் சிரித்ததை எந்தச் சொல்லால் எழுதுவது?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் வாசகர் கேட்கிறார்: "கடைக்குள் மழைநீர் புகுந்த அன்று, நனைந்த சேலைக் கட்டுகளை வெளியே தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கடைக்காரர் வாசலில் நின்று சிரித்தார். நான் நிமிர்ந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வியாபாரிகள் சங்கத்துக்கான கடிதத்தில் 'என்னைக் கேலி செய்தார்' என்று எழுதலாமா?"

எழுத வேண்டாம். கேலி என்பது பிறர் காணவோ கேட்கவோ செய்வது. கேலிச் சிரிப்புக்கூட நம் கண்ணில் படவேண்டும் என்றே சிரிக்கப்படுவது. உங்களைக் கண்டதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டது ஒன்றே அது வேறு வகைச் சிரிப்பு என்பதைக் காட்டிவிடுகிறது. "நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே" என்று அவர் சங்கத்தில் சொன்னால், உங்கள் புகார் அங்கேயே நின்றுவிடும்.

நம் பக்கத்தில் கேரம் பலகையைச் சுற்றி நின்று ஒருவரையொருவர் கலாய்ப்பதும் ஓட்டுவதும் அன்றாடம் நடப்பவை. ஓட்டப்பட்டவர் அடுத்த நிமிடமே திருப்பி ஓட்டலாம் என்பதால் அதில் பகை தங்குவதில்லை. நக்கலில் குத்தல் கூடும். ஏளனத்தில் எதிராளியைத் தாழ்வாக நினைக்கும் எண்ணம் கூடும். ஆனால், இவற்றுள் எதற்கும் எதிராளி நஷ்டப்பட்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை; நீங்கள் கண்ட சிரிப்போ உங்கள் நஷ்டத்திலிருந்தே பிறந்தது.

தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைப் பேசும் மெய்ப்பாட்டியல், நகை (சிரிப்பு) பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற 4-ஐயும், உவகைக்கு (மகிழ்ச்சிக்கு) செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்ற 4-ஐயும் சொல்கிறது. பிறரை இகழ்ந்து சிரிக்கும் எள்ளலுக்கு நகையில் இடம் இருக்க, பிறர் கேட்டில் மகிழ்வதை உவகையின் கணக்கில் தனியே சேர்க்கவில்லை என்பதை நான் மிகவும் மதிக்கிறேன். ஜெர்மன் மொழியில் கேடு, மகிழ்ச்சி என்னும் இரு சொற்களை ஒட்டி 'ஷாடன்ஃபிராய்ட' என்று ஒரே சொல்லாக்கியிருக்கிறார்கள். நாமோ பேச்சில் "நல்லா வேணும்", "இப்பதான் அவனுக்கு மனசு குளிர்ந்திருக்கும்" என்று வாக்கியமாகவே சொல்கிறோம். எழுத்தில் 'குரூர மகிழ்ச்சி' என்பது வழக்கத்தில் உண்டு. அந்த மகிழ்ச்சி அடங்காமல் வாய்விட்டு வெளிப்படும்போதுதான் கெக்கலித்தல், கொக்கரித்தல் என்ற சொற்கள் பொருந்தும். அவர் அப்படியும் செய்யவில்லை.

ஆகவே கடிதத்தில் கண்டதை முதலில் எழுதுங்கள்: "நனைந்த சேலைகளை நான் வெளியேற்றிக்கொண்டிருந்தபோது, அவர் உதவிக்கு வராமல் வாசலில் நின்று சிரித்தார், நான் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்." அடுத்த வரியில், "என் நஷ்டத்தில் அவர் மகிழ்ந்ததாக உணர்ந்தேன்" என்று உங்கள் உணர்வாகவே சேருங்கள், அவருடைய மனத்துக்கு நீங்கள் சாட்சி சொல்ல முடியாது.