சந்தா நின்றால் உங்கள் ஃபைல் யார் கையில்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஓப்பன் சோர்ஸ் பற்றித்தான். புரோகிராமின் மூலக் குறியீட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்ற லைசென்ஸோடு வரும் மென்பொருள்தான் அது.

கேள்வி: ஒன்பது வருடமாகத் தொந்தரவு தராத லேப்டாப். விண்டோஸ் 10-க்கு இனி அப்டேட் வராது, புதிது வாங்கு என்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா?

அவசரப்பட வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது உண்மைதான். விண்டோஸ் 11 கேட்கும் ப்ராசஸர் உங்களிடம் இருக்காது, ஆனால் மெஷின் கெட்டுப்போகவில்லையே. விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் ஓப்பன் சோர்ஸ் இயங்குதளம் லினக்ஸ். அதன் ஒரு வகையான லினக்ஸ் மின்டை ஒரு பென்டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே லேப்டாப்பை ஆன் செய்து பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா, மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எல்லாம் சரி என்றால், ஃபைல்களை வேறு டிஸ்கில் நகலெடுத்து வைத்துவிட்டு அப்புறம் இன்ஸ்டால் செய்யுங்கள்.

கேள்வி: இலவசம் என்றால் தரம் குறைவாகத்தானே இருக்கும்?

இல்லை. உங்கள் போன் ஆண்ட்ராய்டு என்றால், அதன் அடியில் ஓடுவதே இலவசமான லினக்ஸின் மையப்பகுதி (கெர்னல்) தான்.

கேள்வி: ஆன்லைனில் காசு கொடுத்து "ஆபீஸ்" மென்பொருள் வாங்கினேன். திறந்தால் லிப்ரே ஆபீஸ். ஏமாந்துவிட்டேனா?

உங்கள் மேல் தப்பில்லை. லிப்ரே ஆபீஸ் இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் சோர்ஸ் ஆபீஸ் தொகுப்பு. ஓப்பன் சோர்ஸை விற்பதை லைசென்ஸ் தடுக்காது, ஆனால் இலவசமாகக் கிடைப்பதை மறைத்து, வேறு பெயரில் விற்றவர் உங்களை ஏமாற்றித்தான் இருக்கிறார். விளம்பரப் பக்கத்தையும் ரசீதையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் கார்டு கொடுத்த வங்கியிடம் புகார் செய்யுங்கள். அவர் கொடுத்ததோடு வேறு என்ன சேர்த்திருக்கிறார் என்று தெரியாது, அதனால் அதை நீக்கிவிட்டு லிப்ரே ஆபீஸின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிசைன் மென்பொருளின் சந்தாவை நிறுத்தினேன். நான்கு வருட வேலையைத் திறக்கவே முடியவில்லை.

படித்ததும் வயிறு எரிந்தது. எனக்கும் இது நடந்திருக்கிறது. ஒரே முறை பணம், வாழ்நாள் முழுக்க உங்களுடையது என்று சொன்ன குறிப்பெடுக்கும் மென்பொருள் ஒன்றை வாங்கி, ஆறு வருடம் எல்லாவற்றையும் அதில்தான் எழுதினேன். ஹார்ட் டிஸ்க் மாற்றியதும் மீண்டும் லைசென்ஸ் கீ கேட்டது, கொடுத்தேன், அதைச் சரிபார்க்க வேண்டிய சர்வர் இல்லை, நிறுவனமே மூடிவிட்டது. ஃபைல் என் டிஸ்கில்தான் இருந்தது, திறக்கத்தான் வழியில்லை.

பிளெண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த முப்பரிமாண மென்பொருளைச் செய்த நிறுவனமும் 2002-ல் மூடப்பட்டது. பயன்படுத்தியவர்கள் ஏழே வாரத்தில் 1,00,000 யூரோ திரட்டி, குறியீட்டை வாங்கித் திறந்துவிட்டார்கள், அது இன்றும் வளர்கிறது. நிறைய பேர் ஓப்பன் சோர்ஸ் பக்கம் வருவதற்குக் காசு மிச்சமாவது மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. பூட்டு இன்னொருவர் கையில் இருப்பதுதான் அவர்களை உறுத்துகிறது. லிப்ரே ஆபீஸ் சேமிக்கும் ஓடிஎஃப் என்ற ஃபைல் வடிவம் 2006-லேயே ஐஎஸ்ஓ என்ற சர்வதேச அமைப்பின் தரமானது, அதன் விவரம் வெளிப்படையாக இருப்பதால் நாளை வேறொருவரும் அதைத் திறக்கும் புரோகிராம் எழுதலாம்.

நீங்கள் இப்போது ஒரே ஒரு மாதச் சந்தா கட்டுங்கள், தானாகப் புதுப்பிப்பதை அன்றே நிறுத்துங்கள், அந்த மாதத்துக்குள் எல்லாவற்றையும் எஸ்விஜி, பிஎன்ஜி, பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள். எஸ்விஜி ஃபைல் என்றால் இங்க்ஸ்கேப் என்ற ஓப்பன் சோர்ஸ் டிசைன் மென்பொருளில் தொடர்ந்து வேலை செய்யலாம்.

கேள்வி: தேடலில் முதலில் வந்த இடத்தில் விஎல்சி வீடியோ பிளேயரை இறக்கினேன். பிரவுசர் முழுக்க விளம்பரம். விஎல்சி மோசமா?

மோசமில்லை, நீங்கள் பார்க்காமல் அழுத்தினீர்கள். முதலில் வந்தது காசு கொடுத்துப் போட்ட விளம்பரமாக இருக்கலாம். விஎல்சி-யைத் தருவது வீடியோலேன் அமைப்பு, முகவரியில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்க்க இரண்டு நொடி ஆகாது. இதை எத்தனை முறைதான் எழுதுவது!

கேள்வி: நண்பர் சொன்னார் என்று லினக்ஸுக்கு மாறினேன். என் கணக்கு மென்பொருள் அதில் ஓடவில்லை.

மாறும் முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அது விண்டோஸில் மட்டும்தான் ஓடும் என்றால் விண்டோஸுக்கே திரும்புங்கள். அங்கேயே ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர், லிப்ரே ஆபீஸ், மெயிலுக்கான தண்டர்பேர்டு என்று ஓப்பன் சோர்ஸ் எல்லாம் ஓடும். கணக்கைக் கடைசியாக மாற்றலாம், அதுவும் பழைய கணக்குகள் சிஎஸ்வி என்ற எளிய அட்டவணை ஃபைலாக முழுசாக வெளியே வருகிறதா என்று பார்த்த பிறகு.