மூணு மலையையும் ஒரே சனி ஞாயிறுல முடிக்கணுமா தம்பி?

கேள்வி: அண்ணே, நாங்க ஃப்ரெண்ட்ஸ் ஆறு பேரு. அஞ்சு பேருகிட்ட அட்வென்சர் பைக்கு, ரெண்டு எக்ஸ்பல்ஸ் 200, ஒரு பழைய ஹிமாலயன் 411, ரெண்டு வி-ஸ்ட்ராம் 250, ஆறாவது ஆளுகிட்ட மட்டும் சாதாரண ஸ்பிளெண்டர். ஆவணில ஒரு சனி ஞாயிறு மேகமலை ஏறி, அங்கேருந்து மூணாறு, அப்புறம் டாப் ஸ்டேஷன்லேருந்து பழைய காட்டு ரோட்டப் புடிச்சு கொடைக்கானல், அப்டியே மதுரைன்னு பிளான் போட்டிருக்கோம். ஸ்பிளெண்டர்காரன் வந்தா ஸ்லோ ஆகும், அவன விட்ருவோம்னு மத்தவங்க சொல்றாங்க. எனக்கு மனசு ஒப்பல. வேற என்னென்ன பாக்கணும்னும் சொல்லுங்க.
- திருநகர் வாசகர், மதுரை

பதில்:

தம்பி, உங்க பிளான மேப்ல விரல வச்சுப் பாத்தேன், விரலே வலிக்குது. மேகமலைலேருந்து மூணாறுக்கு மேலயே போயிரலாம்னு யாரோ நெனச்சிருக்கீங்க போல. திரும்ப சின்னமனூருக்கு இறங்கித்தான் ஆகணும், அங்கேருந்து போடி வந்து போடிமெட்டுல 17 கொண்டை ஊசி வளைவு ஏறி அப்புறம்தான் மூணாறு. அந்தப் பழைய ரோடு இருக்கே, அத மொதல்ல பிளான்லேருந்து அடிச்சிருங்க. இரண்டாம் உலகப் போர் சமயத்துல ஜப்பான்காரன் வந்துட்டா வெள்ளக்காரன் கொடைக்கானல்லேருந்து தப்பிச்சுப் போகன்னு சரிபண்ணி வச்ச ரோடு அது, எஸ்கேப் ரோடுன்னே பேரு. இப்ப கேரளா பக்கம் பாம்பாடும் சோலை தேசியப் பூங்கா, நம்ம பக்கம் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம், நடுவுல வண்டி போக்குவரத்து நின்னு போயி பல வருஷம் ஆச்சு. கொடைக்கானல் சைடுலேருந்து பேரிஜம் ஏரி வரைக்கும் போகவே வனத்துறை பர்மிட் வாங்கணும். யாரோ ஒருத்தன் வீடியோ போட்டான்னு நீங்களும் காட்டுக்குள்ள நுழையாதீங்க. 2018 மார்ச்ல போடி பக்கத்துல குரங்கணி மலைக்கு ட்ரெக்கிங் போனவங்க காட்டுத்தீல சிக்கி 23 உயிர் போச்சு, போடிக்காரங்க இன்னும் அத மறக்கல.

அதனால மூணு மலை வேணாம், மேகமலை மட்டும் போதும். நாகமலை புதுக்கோட்டைல கூடி செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டி கணவாய், தேனி, சின்னமனூர்னு நேரா போனா கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர், அங்கேருந்து மேகமலை மேல இருக்கிற ஹைவேவிஸ் ஊருக்கு இன்னும் ஒரு 40. போக வர 280, மேல சுத்துறதுக்கு ஒரு 40 போட்டாலும் ரெண்டு நாளைக்கு 320. என்னடா இவ்ளோதானான்னு உங்க ஹிமாலயன்காரர் மொகத்த சுளிப்பாரு. மலைல அந்த 40 கிலோமீட்டரே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல சாப்பிட்ரும், ஒவ்வொரு வளைவுலயும் ஒருத்தன் போட்டோ எடுக்க நிப்பான், அது தனி கணக்கு.

இப்ப ஸ்பிளெண்டர் விஷயத்துக்கு வருவோம், நீங்க கேட்டதுலயே முக்கியமான கேள்வி அதான். சின்னமனூர் வரைக்கும் 100 கிலோமீட்டர நிக்காம 80ல போனா ஒண்ணேகால் மணி நேரம், 60ல போனா ஒரு மணி நாப்பது நிமிஷம். வித்தியாசம் 25 நிமிஷம் தம்பி, அவ்ளோதான். அதுவும் ரோடு காலியா கெடந்தா. உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கமும் தேனிக்குள்ளயும் 80ல எவன் போறான், எல்லாரும் ஒரே லாரிக்குப் பின்னாடிதான் உருளணும். இந்த 25 நிமிஷத்துக்காக ஒரு ஃப்ரெண்ட வீட்ல விட்டுட்டுப் போறதுக்கு அட்வென்சர் ரைடுன்னு பேரா? மேகமலைக்கு தார் ரோடுதான் போகுது, எஸ்டேட்டு ஆளுங்க ரேஷன் மூட்டையோட அதே மாதிரி வண்டிலதான் ஏறி இறங்குறாங்க.

ஆனா ஒரு கண்டிஷன். அவர கடைசில விடாதீங்க, லீடுக்கு, அதாவது எல்லாருக்கும் முன்னாடி வழிகாட்டிப் போறவருக்கு, அடுத்து ரெண்டாவதா விடுங்க. கடைசில விட்டீங்கன்னா முன்னாடி போறவங்கள புடிக்கணும்னே அந்த ஆளு வண்டியோட உயிர எடுப்பாரு, அங்கதான் ஆக்சிடென்ட் நடக்கும். ரெண்டாவதா வந்தா லீடு போறவரு கண்ணாடிலயே அவர் வேகம் தெரியும், மொத்த கூட்டமும் தானா அதுக்கு அமைஞ்சிரும். கடைசி எடம் உங்கள்லயே நிதானமான, வண்டி ரிப்பேர் தெரிஞ்ச ஆளுக்கு. அவர் யாரையும் முந்தக் கூடாது, யாரு நின்னாலும் அவரும் நிக்கணும்.

இத நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். பல வருஷம் முன்னாடி நாங்க ஒம்போது பேரு போடிமெட்டுலேருந்து இறங்கி போடில டீக்கடைல நின்னோம். ஒம்போது டீ சொல்லி ஒரு கிளாஸ் மிச்சம் நின்னுச்சு, அப்பத்தான் ஆளையே எண்ணுனோம். செயின் கழண்டு ஒருத்தன் பாதி மலைல சிக்னல் இல்லாம நிக்கிறான், அவன் பின்னாடி வர்றான்னு இவன் நெனைக்க, அவன் முன்னாடி போயிட்டான்னு இன்னொருத்தன் நெனைக்க, திரும்ப ஏறிப் போயி கூட்டிட்டு வர்றதுக்குள்ள இருட்டிருச்சு. அவன் ஒரு மாசம் எங்ககூட பேசல, நியாயந்தான். அதுலேருந்து ஹெல்மெட்ல மாட்டிப் பேசுற இன்டர்காம் எல்லாம் இல்லாமலே ஒரே ஒரு பழக்கம் வச்சிருக்கோம், பின்னாடி வர்ற வண்டி கண்ணாடில தெரியலன்னா வேகத்தக் குறைக்கணும், அப்பவும் தெரியலன்னா ஓரமா நிக்கணும். எல்லாரும் இத செஞ்சா லீடு வரைக்கும் தானா தகவல் போயிரும்.

பெட்ரோலப் பத்தி ரொம்ப யோசிக்க வேணாம், எக்ஸ்பல்ஸ் டேங்க் 13 லிட்டர், வி-ஸ்ட்ராம் 12, மதுரைல ஃபுல் பண்ணாலே போய்ட்டு வந்துரலாம், இருந்தாலும் சின்னமனூர்ல ஒரு தடவ நிரப்பிட்டு ஏறுங்க. பஞ்சர்தான் தலைவலி. எக்ஸ்பல்ஸும் பழைய ஹிமாலயனும் ஸ்போக் வீல், டியூப் டயர், முன்னாடி 21 இஞ்ச். அந்த சைஸ் டியூப் வழில எந்த பஞ்சர் கடைலயும் சட்டுன்னு கெடைக்காது. நல்ல வேளையா மூணு வண்டிக்கும் முன் டயர் ஒரே சைஸ், 90/90-21, அதனால ஒரே ஒரு டியூப் வாங்கி கடைசில வர்றவரு பைல போட்டுட்டா மூணு பேருக்கும் ஆச்சு. கூட டயர நெம்பிக் கழட்டுற டயர் லிவர், ஒரு சின்ன பம்ப். வி-ஸ்ட்ராம் டியூப்லெஸ், அதுக்கு பஞ்சர் ஓட்டைல குச்சி சொருகி அடைக்கிற கிட்டு போதும். இதெல்லாம் வாங்கி வச்சா மட்டும் பத்தாது, வீட்டு வாசல்ல ஒரு தடவ வீல கழட்டி மாட்டிப் பாருங்க, கை நகம் பிஞ்சாலும் பரவால்ல.

ஆவணின்னு சொல்றீங்க, காத்த மறந்துட்டீங்க. ஆண்டிப்பட்டி தாண்டி காத்தாடி மில்லு நிக்கிற பக்கமெல்லாம் அந்த மாசத்துலயும் காத்து பக்கவாட்டுல தள்ளும். எக்ஸ்பல்ஸ் உசரமான, எடை கம்மியான வண்டி, பின்னாடி மூட்டைய கோபுரம் மாதிரி கட்டுனீங்கன்னா பஸ்ஸு எதுத்தாப்ல வரும்போது ஒரு அடி நகந்துரும். லக்கேஜ் தாழ்வா, அகலம் கம்மியா இருக்கட்டும். இன்னொண்ணு, அட்வென்சர் வண்டி வாங்குன ஜோர்ல போற வழில கண்மாய்க்குள்ள எறக்காதீங்க, மேல பொருக்கு காஞ்சு கெடக்கும், உள்ள கரிசல் சேறு, ஹிமாலயன் 200 கிலோ கிட்ட இருக்கும், அத தூக்க ஆறு பேரும் பத்தாது.

காலைல அஞ்சு மணிக்குக் கெளம்பிட்டா எட்டரைக்குள்ள சின்னமனூர்ல டிபன், வெயில் ஏறுறதுக்குள்ள மலை ஏறிரலாம். தென்பழனி செக்போஸ்ட்ல சாயங்காலத்துக்கு மேல விட மாட்டாங்க, புலிகள் காப்பகம் அது, 2021லேருந்து. அதனால தங்குற எடத்த முன்னாடியே போன்ல பேசி உறுதி பண்ணுங்க, மேல லாட்ஜு வரிசையா இருக்காது. மொத்தம் 18 வளைவு, ஒவ்வொண்ணுக்கும் பூப்பேரு வச்சிருப்பாங்க. பேர வாசிச்சுக்கிட்டே உள் பக்கமா வெட்டி ஏறாதீங்க, மேலேருந்து வர்ற பஸ்ஸுக்கு ரோடு பூராவும் வேணும். சமதளத்துல வேணா ஆளுக்கொரு பக்கமா மாத்தி மாத்தி போங்க, மலைல ஒத்த வரிசைதான், நல்லா எடைவெளி விட்டு. ஆகஸ்ட் 15 ஒட்டி லீவு வந்தா அந்த வாரத்த விட்ருங்க, கூட்டம் தாங்காது.

இதுக்கு முந்துன ஞாயித்துக்கெழம ஒரு அரை நாள் ஒதுக்கி நத்தம் ரோடு வழியா சிறுமலைக்கு ஆறு பேரும் ஒரு தடவ போய்ட்டு வாங்க. அங்கயும் 18 வளைவு இருக்கு, மத்தியானச் சோத்துக்கு வீட்டுக்கு வந்துரலாம். யாரு பதட்டப்படுறாங்க, யாரு சொன்னா கேக்க மாட்டாங்க, யாரு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ சிகரெட்டுக்கு நிப்பாங்கன்னு எல்லாம் தெரிஞ்சிரும். லீடு யாரு, கடைசி யாருன்னு அதுக்கப்புறம் முடிவு பண்ணுங்க.

ஸ்பிளெண்டர் தம்பிகிட்ட தனியா ஒண்ணு சொல்லணும். டிரம் பிரேக் வண்டின்னா சிறுமலைக்கு முன்னாடியே பிரேக் ஷூவ கழட்டிப் பாக்கச் சொல்லுங்க, தேஞ்சிருந்தா மாத்திரணும். இறங்கும்போது பிரேக்க மிதிச்சுக்கிட்டே வந்தா சூடாகி புடிக்காமப் போயிரும், ஏறுன கியர்லயே இறங்கணும், மைலேஜ் மிச்சம்னு எஞ்சின ஆஃப் பண்ணி உருட்டுற வேலையே வேணாம். ஞாயித்துக்கெழம வெள்ளனவே இறங்கிட்டீங்கன்னா வைகை அணைல ஒரு மணி நேரம் ஒக்காந்துட்டு வெளிச்சத்தோட வீடு வந்துரலாம். டீ சொல்றதுக்கு முன்னாடி மட்டும் ஆள எண்ணிருங்க.