சைக்கிள் பயணத்திற்கு வேவ் பிளஸா, ஸ்கெலிடூலா?

வணக்கம். தினமும் சைக்கிளில் அலுவலகம் செல்லும் தாங்கள், திருகு முடுக்கவும் கம்பி வெட்டவும் லெதர்மேன் நிறுவனத்தின் மடக்குப் பல்கருவிகளான வேவ் பிளஸ், ஸ்கெலிடூல் ஆகிய இரண்டில் எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். ஸ்கெலிடூலையே பரிந்துரைக்கிறேன். வேவ் பிளஸ் ஏறத்தாழ 240 கிராம் எடையுள்ளது. அதிலுள்ள ரம்பமும் அரமும் தங்களுக்குத் தேவைப்படாத நிலையில், அந்தச் சுமையே நாளடைவில் கருவியை வீட்டில் விட்டுச்செல்லத் தூண்டிவிடும். ஸ்கெலிடூல் சுமார் 142 கிராம்தான். குறடு, கம்பிவெட்டி, கத்தி, மாற்றத்தக்க திருப்புளி முனைகள் ஆகியவற்றோடு பையில் மாட்டிக்கொள்ளும் கொக்கியும் அதில் உண்டு.

ஆனால் சைக்கிளின் பெரும்பாலான திருகுகள் அறுகோணக் குழி கொண்டவை. அவற்றுக்கான முனைகள் தனியே கிடைக்கின்றன என்றாலும், இறுகிப்போன திருகைக் கழற்றப் போதிய பிடிமானம் இக்கருவியில் கிடைக்காது என்பதால், 4, 5, 6 மில்லிமீட்டர் ஆலன் கீ (அறுகோணத் திருகுச்சாவி) மூன்றையும் இருக்கைப் பையில் அவசியம் வைத்துக்கொள்ளுங்கள்.