மாலைக்கண் மகனுக்கு ஸ்டெம் செல் ஊசி: என் பதில்

சகோதரி, ஒன்பது வயது மகன் பொழுது சாய்ந்தால் தடுமாறுகிறான், ஆர்.பி. (ரெட்டினிடிஸ் பிக்மென்டோசா, விழித்திரை மெல்ல மெல்லப் பழுதாகும் பரம்பரை நோய்) என்கிறார்கள், ஒரு கிளினிக்கில் ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) ஊசிக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து கட்டாதீர்கள். ஃபுளோரிடாவில் இப்படிக் காசு கொடுத்து, தங்கள் கொழுப்பிலிருந்தே எடுத்த செல்களைக் கண்ணில் ஏற்றிக்கொண்ட மூன்று பெண்களுக்குப் பார்வை பறிபோனது. 2017இல் மருத்துவ இதழிலேயே வந்தது.

முதலில் மரபணுப் பரிசோதனை செய்யுங்கள். ஆர்.பி. ஒரே நோயல்ல, ஐம்பதுக்கும் மேற்பட்ட மரபணுக்களில் எது பழுதானாலும் வரும். 2017 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற லக்ஸ்டர்னா என்ற மரபணு சிகிச்சை மருந்து, ஆர்.பி.இ.65 என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானவர்களுக்கு மட்டும்தான். நல்ல மரபணுவைத் தீங்கில்லாத வைரஸில் ஏற்றி விழித்திரைக்கு அடியில் செலுத்துவார்கள். அங்கே உயிரோடு செல்கள் மிச்சமிருந்தால்தான் பலன், அதனால் தள்ளிப்போடாதீர்கள். சென்னை சங்கர நேத்ராலயாவிலும் மதுரை அரவிந்திலும் மரபணுப் பிரிவு இருக்கிறது.

நீங்கள் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள் என்றால் டாக்டரிடம் தயங்காமல் சொல்லுங்கள். அது உங்கள் குற்றமல்ல. எந்த மரபணு என்று தேட உதவும்.

ரிப்போர்ட் வரும்வரை வைட்டமின் ஏ மாத்திரையை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். ஏ.பி.சி.ஏ.4 மரபணுப் பழுதாக இருந்தால் அது கெடுதல். ரிப்போர்ட் வந்ததும் மரபணுப் பெயரை இங்கே போடுங்கள், அதற்கு ஆய்வு நடக்கிறதா என்று சேர்ந்து தேடுவோம்.